சென்னையிலிருந்து வல்வெட்டித்துறைக்கு: எந்த விமான நிலையத்தில் இறங்குவது?

சென்னையிலிருந்து ஊர் திரும்பும் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

பலாலி: 2019இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர். சிறிய விமானத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பின்னர் அச்சுவேலி, தொண்டைமானாறு வழியாக ஒரு மணி நேரத்துக்குள் வீடு வரலாம்.

கட்டுநாயக்க: தூரம் சுமார் 645 கிலோமீற்றர். ஜெற் விமானம் வேகமானது. ஆகவே பறக்கும் நேரம் பெரிதாகக் கூடாது. ஆனால் இறங்கியபின் தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வரவேண்டும். எட்டு மணி நேரமாவது செல்லும்.

முதியவர்கள், கைக்குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குப் பலாலியே சுகம். சிறிய விமானத்தில் பொதி குறைவாகவே ஏற்றலாம். பயணச்சீட்டு எடுக்குமுன் எடை அளவைக் கேளுங்கள். வெளியேறும் அனுமதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.