செவிலியர் தொழின்மையும் அதனை அளக்கும் கோல்களும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திருந்து அம்மருந்தை இயற்றுபவன் என்பன அந்நான்கு. இறுதியிற் கூறப்பட்டவனுக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர், நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றை உரைக்கின்றார். சரக சங்கிதையும் பணிவிடையாளனுக்கு நான்கு பண்புகளையே கூறுகின்றது; ஆனால் அங்குக் காணப்படுவன பணிவிடை அறிவு, செய்திறம், அன்பு, தூய்மை என்பன. சொல்லியவாறு செய்தல் அங்குத் தனியே எண்ணப்படவில்லை. இவ்வேறுபாடு சிறிதாயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்றியமையாதது. கட்டளைவழி நிற்றல் செவிலியர்க்குச் சிறப்பா, தம் அறிவின்வழித் துணிதல் சிறப்பா என்னும் வினா, செவிலியரின் தொழின்மையை அளக்க எழுந்த கோல்கள் பலவற்றின் அடியிலும் கிடக்கின்றது.

தொழின்மை என்னும் சொல்லை நாம் ஈண்டு ஆள்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் தொழில் என்பது மிக விரிந்த பொருளுடைய சொல். உழவும் நெசவும் தொழில், ஆலையும் தொழில், இலக்கணத்தில் வினையும் தொழில். நீண்ட கல்வியாலும் தமக்கென வகுத்த ஒழுக்க நெறியாலும் பிற வேலைகளினின்று வேறுபட்டு நிற்கும் மருத்துவம், சட்டம் போன்றவற்றை மட்டும் சுட்டத் தனிச்சொல் வழக்கில் இல்லை. அத்தகைய தொழிலுக்குரிய தன்மையையே தொழின்மை என்கின்றோம். செவிலி என்னும் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய், தோழியின் நற்றாய். அவ்வுறவுச் சொல்லே இன்று பயின்று, பதிவு பெற்று, ஊதியத்திற்குப் பணிபுரிவாரைக் குறிக்கின்றது. ஈழத்தில் வழங்கும் தாதி என்னும் சொல்லும் வளர்ப்புத்தாயைக் குறித்ததே. தாய்மையின் சாயல் சொல்லில் தங்கியிருப்பதால், செவிலியரிடம் அன்பை முதலிலும் அறிவைப் பின்னரும் எதிர்பார்ப்பது நமக்கு இயல்பாகிவிட்டது.

அளத்தல் என்பது புதிதன்று. 1860-ஆம் ஆண்டு இலண்டன் தூய தாமசு மருத்துவமனையில் தொடங்கப்பெற்ற நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளியில், பயில்வோர் ஒவ்வொருவருக்கும் திங்கள்தோறும் ஓர் ஏடு எழுதப்பட்டது. காலந்தவறாமை, அமைதி, நம்பத்தகுந்தமை, உடல் உடைத் தூய்மை, கூடத்தை நடத்தும் திறம் என ஐந்து தலைப்பில் ஒழுக்கமும், பதினான்கு தலைப்பில் செய்திறமும் பதியப்பட்டன. ஒவ்வொன்றும் மிக நன்று என்பது தொடங்கிச் சுழி ஈறாக ஐந்து படியில் மதிப்பிடப்பட்டது. ஆயினும் அவ்வம்மையாரே செவிலியரை அரசு பதிவு செய்வதை எதிர்த்தார் என்பது வியப்பிற்குரியது. செவிலியர்க்கு வேண்டும் நற்பண்புகளைத் தேர்வால் அறிதல் இயலாது என்பது அவர் கருத்து. பதிவு வேண்டும் எனப் போராடிய பெட்போர்டு ஃபென்விக் அம்மையாரின் கட்சியே இறுதியில் வென்றது. இங்கிலாந்தில் 1919-இல் பதிவுச் சட்டம் நிறைவேறிற்று. இந்நாட்டில் சென்னை மாகாணத்துச் செவிலியர் சட்டம் 1926-இலும் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இலும் தோன்றின.

நைட்டிங்கேல் ஏட்டில் பிறர் மதிப்பிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் வினாநிரல்களிலோ செவிலியர் தம்மைத் தாமே மதிப்பிடுகின்றனர். இம்மாற்றத்திற்கு வழிகோலியவர் இருவர். மனப்பான்மையை அளக்க முடியும் என 1928-இல் வாதிட்டவர் தர்ஸ்டன்; 1932-இல் எளிய முறையொன்றை வகுத்தவர் லைக்கர்ட். கூற்றொன்றைக் கொடுத்து, முற்றும் உடன்படுதல் முதல் முற்றும் மறுத்தல் வரை ஐந்து படியில் விடை பெற்று, எண்களைக் கூட்டுவதே லைக்கர்ட் முறை.

அம்முறையைத் தொழின்மைக்குப் பொருத்தியவர்களுள் தலையாயவர் அமெரிக்கச் சமூகவியலறிஞர் ரிச்சர்ட் ஹால். 1968-இல் வெளிவந்த அவர் கட்டுரை தொழின்மை மனப்பான்மையை ஐந்தாகப் பகுக்கின்றது: தொழிற் சங்கத்தையும் ஒத்த தொழிலாரையும் வழிகாட்டியாகக் கொள்ளுதல், பொதுமக்கட்குத் தம் பணி இன்றியமையாதது என்னும் நம்பிக்கை, தம் பணியைத் தம் தொழிலாரே மதிப்பிட வேண்டும் என்னும் கொள்கை, ஊதியம் குறையினும் இத்தொழிலை விடேன் என்னும் பற்று, வெளியார் தலையீடின்றித் தாமே முடிவெடுக்கும் தன்னுரிமை. ஒவ்வொன்றுக்கும் பத்தாக ஐம்பது கூற்றுக்கள் அமைந்தன. 1972-இல் ஸ்னிசெக் என்பார் ஆராய்ந்து, பகுப்போடு பொருந்தாதவற்றை நீக்கி இருபத்தைந்தாகக் குறைத்தார். ஹால் கண்ட முடிவுகளுள் இரண்டு நினைவிற்கொள்ளத் தக்கன. நீண்ட பயிற்சி, பதிவு, சங்கம் ஆகிய புற அமைப்புக்கள் நிறைந்த தொழிலாரிடத்து மனப்பான்மையும் நிறைந்திருக்கும் என்பதில்லை. இரண்டும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. அலுவலக ஆட்சிமுறை இறுகுமிடத்துத் தன்னுரிமை தளர்கின்றது என்பது மற்றொன்று.

இவ்விரண்டாம் முடிவை மறந்து அளப்போர் பெரும்பிழை செய்கின்றனர் என்பது நம் துணிபு. ஒரு மருத்துவமனையில் செவிலியர் தன்னுரிமைக் கூற்றுக்களில் குறைந்த எண் பெற்றனர் என்று கொள்வோம். அவர்தம் மனப்பான்மை குறையுடையது என உடனே எழுதிவிடுவோர் உளர். வலி தணிக்கும் மருந்தின் அளவை மாற்ற வேண்டும் என்பதை இரவில் முதலில் உணர்பவர் செவிலியர். எழுத்துமூலம் ஆணையின்றி மாற்றக் கூடாது என்பது விதி. விதியை உணர்ந்து விடையளித்தவர் குறைந்த எண் பெறுவதில் வியப்பென்ன? கோல் அளந்தது அவர் உள்ளத்தையா, அவர் நிற்கும் கூடத்தின் ஒழுங்கையா? திங்களிதழ்களைத் தவறாது படித்தல் பற்றிய கூற்றும் அத்தகையதே. மூன்று முறைமாற்றத்தில் உழைப்பவர்க்கு நூலகம் திறந்திருக்கும் வேளை வாய்க்குமா என்பதை அக்கூற்று கேளாது.

இச்சிக்கலை ஹாலுக்கு முன்னரே உணர்ந்து வழிகண்டவர் ரொனால்ட் கார்வின். 1961-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் செவிலியர்க்கு மருத்துவமனை நிகழ்ச்சிகள் சில கற்பனையாகத் தரப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரு வினாக்கள்: இவ்வாறு நடத்தல் வேண்டுமா? உம் மருத்துவமனையில் இவ்வாறு நடக்கின்றதா? நிறுவனத்திற்கு உண்மை, தொழிலுக்கு உண்மை, நோயாளிக்குத் தொண்டு என மூவகைப் பற்றுக்களையும் அவர் பிரித்து அளந்தார். வேண்டும் என்பதற்கும் நடக்கின்றது என்பதற்கும் இடையேயுள்ள தொலைவே அவர் கண்ட அளவு. பட்டப் படிப்புப் பயின்ற செவிலியரிடம் இத்தொலைவு பட்டயம் பெற்றாரிடத்தினும் மிகுந்திருந்தது. கல்வி உயர உயர மனநிறைவு உயரும் என எளிதாக எண்ணுவார்க்கு இது நல்ல மறுப்பு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளியின் வழிவந்த கல்லூரியும் தில்லிக் கல்லூரியும் 1946-இலேயே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டன; பட்டயத்தாரும் பட்டத்தாரும் ஒரே கூடத்தில் பணிபுரியும் நம் நாட்டிலும் கார்வின் முறை பயன்படும் என்பது தெளிவு.

இனி, மனப்பான்மை வேறு, நடத்தை வேறு. 1934-இல் லாபியர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சீனத் தம்பதியருடன் அமெரிக்கா முழுவதும் பயணஞ்செய்த அவர் 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார். மறுக்கப்பட்டது ஒரே இடத்தில். பின்னர், சீனரை ஏற்பீரா என மடல் எழுதிக் கேட்டபோது விடையிறுத்தாருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் ஏலோம் என்றனர். எழுதும் விடை செயலைக் காட்டாது எனின், செவிலியர் தம்மை உயர்வாக எழுதிக்கொள்வதும் நிகழக்கூடும். பார்பரா மில்லர் 1984-இல் தாம் வகுத்த சக்கர வடிவான கருத்தமைப்பினின்று 1993-இல் பிறருடன் சேர்ந்து உருவாக்கிய பட்டியல் இதனால்தான் உள்ளத்தைக் கேளாது செயலைக் கேட்கின்றது: எப்படிப்புப் பயின்றீர், எச்சங்கத்தில் உள்ளீர், ஆய்வில் ஈடுபட்டீரா, கட்டுரை வெளியிட்டீரா என்பன போன்றவை. பொய் கூற இடம் குறைவு. ஆனால் கட்டுரை எழுதாது, படுக்கைப்புண் ஒன்றும் வாராமல் நோயாளியைக் காத்தவர் அப்பட்டியலில் எங்கே நிற்பார்?

தமிழறிஞர்க்கு இதில் என்ன வேலை என வினவலாம். நிரம்ப உண்டு. இக்கோல்கள் யாவும் ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழ்ச் செவிலியரிடம் கொடுக்குமுன் பெயர்த்தல் வேண்டும். பெயர்த்ததை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறையை 1970-இல் பிரிஸ்லின் விளக்கினார். அது பிழையைக் காட்டுமேயன்றிச் சொல்லின் நிறத்தைக் காட்டாது. தன்னுரிமையோடு முடிவெடுத்தலைத் தன்னிச்சையாக முடிவெடுத்தல் எனப் பெயர்ப்பின், மீண்டும் ஆங்கிலமாக்குவோர் குறை காணார். தமிழ் படிப்பவரோ அதில் அடங்காமையின் வாடை கண்டு மறுப்பர். பொதுநலப் பணியைத் தொண்டு என்றால், ஊதியம் கேட்டல் தகாது என்னும் குறிப்பும் உடன் வந்துவிடும். ஹால் கூறிய பற்றுக்கு மிக உயர்ந்த எண் கிடைத்தது எனக் காட்டி, குறைந்த ஊதியத்திற்கும் மகிழ்ந்து உழைப்பர் என ஒரு நிருவாகம் வாதிடவும் அது இடந்தரும். எதிர்மறைக் கூற்றுக்கள் இன்னும் இடர்ப்பாடானவை. மேலதிகாரியைக் கேளாமல் செய்யக் கூடாது என்பதற்கு உடன்படவில்லை என விடையளிப்பவர், இரவுப்பணி முடிந்த களைப்பில், எதனை மறுத்தார் என்று அவருக்கே விளங்காது. அத்தகைய கூற்றுக்களை உடன்பாட்டு வாய்பாட்டில் மாற்றியமைத்து, பெயர்த்த வினாநிரலைக் கூடங்களில் பணிபுரியும் சிலரிடம் முதலில் வாய்விட்டுப் படிக்கச் செய்து, எங்கே தயங்குகின்றனர் எனக் குறித்துக்கொண்ட பின்னரே எண்களைத் திரட்டத் தொடங்குதல் வேண்டும்.