உள்ளாட்சித் தேர்தலுக்கு விவசாயிகள் ஆயத்தமாவது எப்படி?

புதுச்சேரியில் 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தல் நிறுத்தப்பட்டது. தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லையெனில், குளம் தூர்வாரவும் வயல் பாதை போடவும் அதிகாரிகளையே நாட வேண்டியிருக்கும்.

எனவே அடுத்த தேர்தலுக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது நலம். போட்டியிட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளதா எனப் பார்த்து, விடுபட்டிருந்தால் உடனே சேர்க்கவும். தேர்தல் அறிவிப்பு வந்ததும், தங்கள் வார்டு பொதுவா, பெண்களுக்கா, அட்டவணை இனத்தவருக்கா என அறியவும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு உண்டு.

வேட்புமனுவைப் பிழையின்றி நிரப்பி, வைப்புத்தொகையுடன் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கவும். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். பரிசீலனையன்று நேரில் இருப்பது நல்லது. பருவம் தவறிய நடவைப் போலத்தான், தேதி தவறிய மனுவும்.