நாட்டுக்கு முகமாகும் நகரம்

சென்னையிலோ திருச்சியிலோ ஒரு கடையில் நின்று நாலு வார்த்தை பேசினால் போதும், பேச்சின் இழுவையை வைத்தே 'சிலோனா?' என்று கேட்டுவிடுவார்கள். ஆமென்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: 'யாழ்ப்பாணமா?' திருகோணமலைக்காரருக்கு இது பழகிப்போன கேள்வி. இல்லை, திருகோணமலை என்றால் 'அது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலா?' என்று வரும். இரண்டு ஊருக்கும் இடையில் வீதி வழியாக இருநூறு கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது என்று விளக்குவதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கேட்பவர் ஒரு ஜெர்மானியராக இருந்தால் யாழ்ப்பாணத்தின் இடத்தில் கொழும்பு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருகோணமலைக்காரரும் இதில் சளைத்தவரல்லர். கொவென்றியில் வேலை செய்யும் மகன் அவர் வாயில் 'லண்டனில் இருக்கிறான்'. வைத்தியத்துக்காகக் கோயம்புத்தூர் போய்வந்த அயலவர் 'மெட்ராசுக்குப் போனவர்'.

அறியாமை என்று இதை ஒதுக்கிவிடலாம். உளவியலாளர்கள் அப்படி ஒதுக்கவில்லை. 1973இல் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஒரு சோதனை இந்த விடயத்துக்கு மிகக் கிட்ட வருகிறது. 39 பெயர்கள் கொண்ட பட்டியல்களைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பட்டியலில் 19 பெண்களின் பெயர்கள், எல்லாம் உலகறிந்தவை. 20 ஆண்களின் பெயர்கள், அவ்வளவாகத் தெரியாதவை. இன்னொரு பட்டியலில் ஆண்கள் புகழ்பெற்றவர்கள், பெண்கள் அப்படியில்லை. பிறகு, பட்டியலில் ஆண்கள் அதிகமா பெண்கள் அதிகமா என்று கேட்டார்கள். பதில் சொன்ன 99 பேரில் 80 பேர் புகழ்பெற்ற பக்கமே எண்ணிக்கையில் அதிகம் என்று தவறாகச் சொன்னார்கள்.

கேட்கப்பட்டது எண்ணிக்கை. மனம் கொடுத்த விடையோ எது சுலபமாக நினைவுக்கு வந்தது என்பது. ஒரு நாட்டில் எத்தனை பேர் எப்படி வாழ்கிறார்கள் என்று தீர்மானிக்கும்போதும் இதே குறுக்குவழிதான் வேலை செய்கிறது. இலங்கை என்றதும் கொழும்பின் பெயரும் படமும் முந்திக்கொண்டு வருகின்றன. உடனே நாட்டின் பெரும்பகுதியே அதுதான் என்று தோன்றிவிடுகிறது. உண்மைக் கணக்கு வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சம். கொழும்பு மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 5 இலட்சத்து 60 ஆயிரம், அதாவது நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. நகரப் பகுதிகள் என்று வகுக்கப்பட்ட எல்லா இடங்களையும் கூட்டினாலே 18 சதவீதம்தான்.

சரி, சிறிய பங்கென்றாலும் நல்ல மாதிரியாக இருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. நாட்டில் நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். கொழும்பு மாநகர எல்லைக்குள் அவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் அங்கே பெரும்பான்மை. நாட்டின் பொருளாதார உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்திலிருந்தே வருகிறது. கொழும்பை நாட்டின் சராசரி என்று நினைப்பவர் பணத்திலும் பிழைவிடுகிறார், மக்களிலும் பிழைவிடுகிறார்.

இந்தப் பிழை ஏன் தன் ஊர் விடயத்தில் குறைகிறது? 1980இல் ஜோர்ஜ் குவாட்ரோன், எட்வர்ட் ஜோன்ஸ் ஆகியோர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. ஒரே ஒரு மாணவர் ஏதோ ஒன்றைத் தெரிவுசெய்வதைக் காணொளியில் காட்டினார்கள். தனியாகக் காத்திருப்பதா, மற்றவர்களோடு இருப்பதா என்பது போன்ற சாதாரணத் தெரிவுகள். பிறகு, அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை சதவீதமானோர் இதையே செய்வார்கள் என்று கேட்டார்கள். காட்டப்பட்டவர் எதிர்ப் பல்கலைக்கழகத்தவர் என்று சொல்லப்பட்டபோது, பார்த்தவர்கள் அந்த ஒருவரை வைத்து முழுக் கூட்டத்தையும் எடைபோட அதிகம் துணிந்தார்கள். தங்கள் ஆள் என்றபோது அந்தத் துணிவு குறைந்தது. தன் கூட்டத்துக்குள் எத்தனை விதமான ஆட்கள் உண்டென்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதிரி போதும்.

ஆனால் அந்த ஒரு மாதிரியாக எந்த நகரம் தேர்வாகிறது என்பதை உளவியல் சொல்லாது. அதற்கு வரலாற்றிடம்தான் போகவேண்டும். திருகோணமலையை விட்டால் அதற்கு நல்ல உதாரணம் இல்லை.

இயற்கை அமைத்த துறைமுகங்களில் திருகோணமலை உலகின் முதல் வரிசையில் நிற்கிறது. குன்றுகள் சூழ்ந்த உட்துறைமுகம், எந்தப் பருவத்திலும் கப்பல் ஒதுங்கக்கூடிய ஆழம், குடாவின் வாயிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி வந்து விழுவதும் பக்கத்துக் கொட்டியாரக்குடாவில்தான். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என்று எல்லோரும் இதற்காக அடிபட்டார்கள். 1782இல் மட்டும் இரண்டு தடவை கை மாறியது: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரிடம், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரனிடம். 1795இல் பிரித்தானியர் மீண்டும் இங்கே இறங்கினார்கள். கொழும்பு அவர்கள் கையில் விழுந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

அவ்வளவு ஆசைப்பட்டுப் பிடித்தவர்கள் ஏன் இதைத் தலைநகராக்கவில்லை? அந்த ஆசை இலங்கையை நினைத்து வந்ததே அல்ல, சென்னையை நினைத்து வந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது, திருகோணமலையில் உண்டு. பணமோ தீவின் மறுபக்கத்தில் விளைந்தது. கறுவா தென்மேற்குக் கரையோரத்தில், பின்னர் கோப்பியும் தேயிலையும் மலைநாட்டில். கண்டிக்கான ரயில் பாதை 1867இல் கொழும்பிலிருந்து போய்ச் சேர்ந்தது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் கப்பல்கள் பெருகின. கொழும்பில் ஒழுங்கான துறைமுகமே இருக்கவில்லை, தென்மேற்குப் பருவத்தில் கடல் நேரே வந்து அடிக்கும். ஆகவே கட்டினார்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்த அலைதாங்கி பத்து ஆண்டில் முடிந்தது. இயற்கை இலவசமாகக் கொடுத்த துறைமுகத்தை மனிதர் கல் கொட்டிக் கட்டிய துறைமுகம் வென்றது. திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல், அறுபது ஆண்டுகள் பிந்தி. கடற்படை மட்டும் இங்கேயே தங்கியது. அதற்காகக் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவில் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

புகழ்பெற்ற நகரம் என்பது பெரும்பாலும் இப்படி அமைந்த வாசல்தான். வெளியார் எந்த வழியால் உள்ளே வந்தார்களோ, அந்த வாசலைப் பார்த்து வீட்டை வர்ணித்தார்கள்.

அமெரிக்கப் புவியியலாளர் மார்க் ஜெபர்சன் 1939இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். பல நாடுகளில் முதலாவது நகரம் இரண்டாவதைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடுகிறது, லண்டன் லிவர்பூலைப் போல ஏழு மடங்கு இருந்தது என்பது அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. கொழும்பும் அந்த வகைதான். 2012இல் கண்டியும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் கொண்ட நகரங்களே. ஆனால் ஜெபர்சன் அத்துடன் நிற்கவில்லை. அத்தகைய நகரம் தேசத்தின் ஆற்றலையும் உணர்வையும் வேறெதையும்விடச் சிறப்பாக வெளிப்படுத்தும் என்றும் சொன்னார். அளவில் அவர் சொன்னது சரி. குணத்தில் அவரும் கடைக்காரரின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பழைய கதை உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக்குடாவில் வந்து ஒதுங்கியது. கப்பல் தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்சும் மற்றவர்களும் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டு மலைநாட்டில் சிறையிருந்து, தப்பிப்போய், 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்த ஆங்கில வாசகர் மனதில் இலங்கை என்பது கண்டி இராச்சியம்: மலை, காடு, நெல்வயல், அரசனின் கோபம். கொழும்பு அங்கே ஒல்லாந்தர் கையிலிருந்த ஒரு கரையோர ஊர். வாசல் மாறியதால் நாட்டின் முகமும் மாறிக் கிடந்தது.

திசையறிவையும் இந்தப் பழக்கம் விட்டுவைப்பதில்லை. 1978இல் அல்பர்ட் ஸ்டீவன்ஸ், பாற்றி கூப் என்ற ஆய்வாளர்கள், கலிபோர்னியாவின் சான் டியேகோ நெவாடாவின் ரீனோவுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் மேற்கே என்றார்கள், கலிபோர்னியா நெவாடாவுக்கு மேற்கே இருப்பதால். உண்மையில் சான் டியேகோ கிழக்கே இருக்கிறது. இடத்தை நேரே நினைவில் வைக்காமல், அது அடங்கிய பெரிய பெட்டியை வைத்தே மனம் ஊகிக்கிறது. இங்கே ஒருவரிடம், அநுராதபுரம் வடக்கே இருக்கிறதா திருகோணமலை வடக்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று வடமத்திய மாகாணத் தலைநகர், மற்றது கிழக்கு மாகாணத்தது. பெயர்களே விடையை இழுக்கும். திருகோணமலைதான் வடக்கே, ஏறக்குறைய 25 கிலோமீற்றர்.

கொழும்பைக் குறைசொல்லும் திருகோணமலை தன் மாவட்டத்துக்கு என்ன செய்கிறது? அதையேதான். திருகோணமலை என்றால் கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் புள்ளிமான், துறைமுகம், நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள். விளம்பரப் பலகைகளும் அஞ்சலட்டைகளும் இதைத் தாண்டுவதில்லை. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. 2012இல் இருந்த 3 இலட்சத்து 80 ஆயிரம் பேரில் பட்டினமும் சூழலும் என்ற பிரிவில் வசித்தவர்கள் நான்கில் ஒரு பங்கு. மிச்சப் பேர் கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்து வயல்களிலும் குச்சவெளியிலும் வெருகல் ஆற்றோரத்திலும் இருந்தார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் சிங்கள விவசாயிக்கும், பதவி சிறிபுரவில் இருப்பவருக்கும், கடல் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் காட்சி. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் கணிசமாக இருக்கும் இந்த மாவட்டத்தில் யாரும் பாதிக்கு மேல் இல்லை. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரைக் கொழும்பில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு மூதூர் துறைமுகத்தின் எதிர்க்கரை என்பது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

செய்திப் படங்கள் இந்தப் பழக்கத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. 2022இல் இலங்கையின் நெருக்கடி என்று உலகம் பார்த்தது கொழும்பின் காலிமுகத்திடலை. மே 10ஆம் திகதி மட்டும் கமெராக்கள் திரும்பின. முதல்நாள் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச அலரி மாளிகையிலிருந்து கொண்டுவரப்பட்டுத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்று தெரிந்து, வாசலில் ஆர்ப்பாட்டக்காரர் கூடியதால். அந்தச் செய்தி ஆறியதும் கமெராக்கள் கொழும்புக்கே போய்விட்டன.

இந்த மயக்கம் மிக எளிதாக அளக்கக்கூடிய இழப்பைத் தருவது வானிலையில். கொழும்பில் மே மாதச் சராசரி மழை 350 மில்லிமீற்றரைத் தாண்டும். அதைப் பார்த்து 'இலங்கையில் மழைக்காலம்' என்று பயணத்தைத் தள்ளிப்போடும் வெளிநாட்டவர், நிலாவெளியின் மிக நல்ல மாதங்களைத் தவறவிடுகிறார். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது கிலோமீற்றருக்குச் சுமார் 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. அந்த வறண்ட காற்றைத்தான் கிழக்கில் கச்சான் என்கிறார்கள். ஜூனில் திருகோணமலையின் சராசரி மழை 30 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. கொழும்புக்காரர் 'சீசன்' என்று சொல்லும் டிசம்பரில் இங்கே விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கும்.

கடலுக்குப் போகிறவருக்கு இந்தப் பிழை கட்டுப்படியாகாது. வளிமண்டலவியல் திணைக்களம் அவருக்காக நாட்டைத் துண்டுகளாக வெட்டித்தான் பேசுகிறது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை, புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை என்பதுபோலக் கரையோரம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசையும் வேகமும் அலையின் தன்மையும் தனித்தனியே வாசிக்கப்படும். குச்சவெளியில் வள்ளம் தள்ளுகிறவர் கொழும்பின் பெயர் வரும் பகுதியைக் காதில் வாங்குவதேயில்லை. தன் பகுதி வரும்போது வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறார்.