கதவில் அறிவித்தல், உள்ளே புகை

லாச்சப்பலில் சனிக்கிழமை இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், சில கடைகளில் சட்டமும் வெளியே நின்றுவிடும். போன மாதம் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தபோது கண்டது இது. கடைசி மேசையில் இருந்த நாலு பேர் சிகரெட்டைப் பற்றவைத்தார்கள். சாம்பல் தட்டச் சோசர் கொண்டுவந்து வைத்தவரே முதலாளிதான். கதவில் புகைத்தல் தடை அறிவித்தல் ஒட்டியபடியே இருக்கிறது.

நிலவறையில் கோப்பை கழுவுகிற தம்பி மேலே வந்து, இருமிக்கொண்டே மேசை துடைத்தார். "முதலாளியிட்டச் சொல்லலாமே தம்பி" எண்டேன். "சொல்லலாம் அண்ணை. பிறகு சம்பளத் துண்டு ஆர் தாறது?"

விசாவுக்குப் போட அந்தத் துண்டுகள் எவ்வளவு முக்கியம் எண்டு எங்கட ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிரான்சில் சட்டம் இல்லாமல் இல்லை. 1991 எவான் சட்டத்துக்குப் பிறகு, 2006 நவம்பர் 15 ஆணை வந்தது. 2007 பெப்ரவரி 1 முதல் வேலைத்தலங்களிலும் ரயில் நிலையங்களிலும், 2008 ஜனவரி 1 முதல் உணவகம், கஃபே, பார் எல்லாவற்றிலும் மூடிய இடத்தில் புகைக்கத் தடை. தெரிந்துகொண்டே புகைக்க வசதி செய்து கொடுக்கும் முதலாளிக்குத் தனித் தண்டம், 750 யூரோ வரை போகலாம். அந்தச் சோசர் ஒண்டே போதும். 2025 ஜூன் கடைசியில் பூங்கா, கடற்கரை, பஸ் தரிப்பிடம் வரை தடை நீண்டது. திறந்த வெளியில் 135 யூரோவுக்குப் பயப்படுகிறவர்கள் ஷட்டருக்குப் பின்னால் ராசாக்கள்!

அறிவித்தல் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது எண்டு முதலாளிமார் நினைக்கினம். பிரெஞ்சு உயர் நீதிமன்றம் 2005 ஜூன் 29 தீர்ப்பிலேயே அதை மறுத்துவிட்டது. அறிவித்தல் போதாது, தொழிலாளியைப் புகையிலிருந்து உண்மையாகவே காப்பாற்ற வேண்டியது முதலாளியின் பொறுப்பு. வேலை அனுமதி இல்லாதவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு உண்டு எண்டு தொழிற்சட்டம் சொல்லுது. அந்தத் தம்பிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் வாய் திறப்பாரோ?

ஊரில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இதையேதான் சொல்கிறது. அங்கே பி.எச்.ஐ. வாறார் எண்டால் தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடி ஓடித் துடைப்பார். இங்கே பொலிஸும் தொழில் பரிசோதகரும் தண்டம் எழுதலாம். ஆனால் மெட்ரோ வாசலில் கள்ளச் சிகரெட் விக்கிறவரைக் கலைக்கிற பொலிஸ், பாதி இறங்கின ஷட்டருக்குள் தலை நீட்டி நான் காணவில்லை. உள்ளேயிருந்து ஒரு முறைப்பாடு போனால் வரலாம். உள்ளே இருப்பவரோ வாய் திறக்க முடியாதவர்.

வாய் திறக்கக்கூடிய நானும் அண்டைக்குக் கொத்துப் பார்சலை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். என்னிடம் பத்து வருட கார்த் இருக்கு. சொன்னால் எனக்குப் போகிறது ஒரு கொத்துரொட்டி.

போன சனி திரும்பப் போய் முதலாளியிடம் கேட்டேன். "ஆக்கள் கோவிச்சுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போயிடுவினம் அண்ணை" எண்டார். "நானும் அப்பிடித்தான் போகப்போறன்" எண்டேன். சிரித்தார். சோசரை எடுத்தார். நாலு பேரில் இரண்டு பேர் எழும்பி வெளியே போய்ப் புகைத்தார்கள். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கு.