குறுகிப் போன காந்தா

நாம் ‘கந்தை’ என்று இகழ்ந்து ஒதுக்குவதை வங்காளிகள் ‘காந்தா’ என்று கொண்டாடுகிறார்கள். இரண்டும் ‘கந்தா’ என்னும் ஒரே வடமொழிச் சொல்லின் வழிவந்தவை. பழம் புடவைகளையும் வேஷ்டிகளையும் அடுக்கடுக்காக விரித்து, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூல் உருவி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு வங்காளத்துப் பெண்மணிகள் செய்யும் போர்வைதான் காந்தா. ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தரான குருஸதய் தத் (1882–1941) கிராமங்களிலிருந்து இவற்றைத் தேடிச் சேகரித்தார். மேற்கு வங்காளத்துச் சித்திரக் காந்தாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதைத் தைப்போருக்கு நேரக்கூடிய பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் பாடுபட்டு முடித்துக் கட்டிலில் விரித்தால் ஒரு சாண் குறைகிறது! துணி எங்கே போயிற்று? தையலுக்குள்ளேதான் போயிற்று. ஒவ்வொரு தையலும் துணியைச் சிறிது இழுத்துச் சுருக்குகிறது. காந்தாவின்மீது சிற்றலைபோலத் தோன்றும் அழகும், அதன் அளவு குறைவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். ஆகையால், தொடங்குமுன் அதே துணியடுக்கில் ஒரு சாண் சதுரம் தைத்து அளந்து பார்ப்பது உத்தமம்.

தைத்து முடிந்த பிறகு தெரியவந்தால் என்ன செய்வது? கல்கத்தாவில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் இது நேர்ந்தது. டில்லிக்குப் படிக்கச் செல்லும் மகளுக்காக, காலஞ்சென்ற பாட்டியின் புடவைகளைக் கொண்டு தாயார் காந்தா தைத்தார். கழுத்தை மூடினால் கால் தெரிந்தது. பாட்டியின் புடவையோ இனி ஒரு முழம்கூடக் கிடையாது. முழுவதையும் பிரித்துவிடலாம் என்றார் ஒருவர். நைந்த துணி அதைத் தாங்காது. கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் மற்றொருவர். அந்த அம்மாள் இரண்டையும் கேட்கவில்லை. பாட்டனாரின் பழைய வேஷ்டிகளை எடுத்து நாற்புறமும் கரை கட்டிவிட்டார். பாட்டியும் தாத்தாவும் சேர்ந்தே டில்லிக்குப் புறப்பட்டார்கள்!

அவர் செய்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் ஓரப் பட்டியை மட்டும் பிரித்தார். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் வரை தையலை நீக்கி, மேலடுக்கையும் கீழடுக்கையும் தனித்தனியே விடுவித்தார். கரைகளையும் அத்தனை அடுக்காகவே, அதே நெருக்கத்தில் முன்கூட்டியே தைத்து, அவை சுருங்கிய பிறகுதான் அளவு பார்த்தார். பின்னர் மேலடுக்குகளை இணைத்து, கீழ்த்துணியை உள்ளே மடித்துத் தைத்து, இணைப்பின் குறுக்கே ஓட்டுத் தையலைத் தொடர்ந்தார். நான்கு கரைகளும் ஒரே அகலம். காந்தாவின் நடுவே தாமரை இருக்கிறதன்றோ? ஒரு புறம் மட்டும் கூட்டினால் தாமரை நடுவைவிட்டு நகர்ந்துவிடும்.

அளவுக்குமேல் பெரிதாகிவிட்டால் கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றும். அவசரம் வேண்டாம். நான்கு மூலைகளிலும் மரமோ கொடியோ தைப்பது வழக்கம். ஓரத்தை வெட்டினால் அவை பாதியாகிவிடும். வெட்டத்தான் வேண்டுமென்றால், வெட்டும் கோட்டுக்கு உட்புறமாக இரண்டு வரி கெட்டித் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அறுபட்ட இடத்திலிருந்து ஓட்டுத் தையல் முழுதும் உருவிக்கொண்டு வரும். மீந்த துண்டுகளும் வீணல்ல. குளிருக்குப் போர்த்துவது ‘லேப்’, விரித்து அமர்வது ‘ஸுஜனி’, புத்தகம் பொதிவது ‘பாய்தன்’, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைப்பது ‘ஆர்ஷிலதா’ என்று ஒவ்வோர் அளவுக்கும் அங்கே ஒரு பெயரும் ஒரு பணியும் இருக்கின்றன.

எனவே, அளவு பிசகிய போர்வை வீட்டில் இருக்குமானால் முதலில் கூட்டிப் பார்ப்பதே விவேகம் என்பது நமது அபிப்பிராயம். கூட்டியது பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம். பாட்டியின் புடவையில் விழுந்த வெட்டை எந்த ஊசியாலும் திருப்ப முடியாது.