மறதி நோயும் வீட்டுப் பராமரிப்பும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் குடும்பத்தார் பருத்திக் காட்டுக்கும் மக்காச்சோளக் கொல்லைக்கும் சென்ற பின், பெற்ற மகனையே யாரென வினவும் முதியவரை வீட்டில் காப்பவர் யார்? நம் தேசத்தில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உண்டென 2023-ல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிடுகிறது.

2021-ல் தோன்றிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வாயிற்படிக்கே கொணர்கிறது, மெச்சத்தக்க காரியமே. ஆனால் மறதி நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. உணவூட்டலும் நீராட்டலும் வழிதவறாமல் காத்தலுமே அதற்குப் பெருஞ் சிகிச்சை. அச்சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர் தலையிலேயே விழுகிறது.

வீடு தேடி வரும் ஊழியர் அவர்களுக்குப் பயிற்சியும், இடையிடையே ஓய்வும் அளிக்கச் சர்க்கார் வகை செய்ய வேண்டும். 2022-ல் திறக்கப்பெற்ற அரியலூர் மருத்துவக் கல்லூரி அப்பயிற்சியை ஏற்கலாம். இதனைக் கேட்டுப் பெறுதல் ஊர்த் தொண்டர்களின் கடமையாகும்.