துடிப்பது இதயமா, கருவியா?

பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்கு இதய சிகிச்சை வரலாற்றில் தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் இங்கேதான் செய்தார். அது ரத்தக்குழாய் சமாசாரம். இதயத்துக்குள் ஒரு சின்னக் கணினியின் கம்பி குடிபோவது வேறு கதை. அதுதான் பேஸ்மேக்கர்.

ஏன் வேண்டும்? இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு மின்துடிப்பை எழுப்புகிறது. அது சோர்ந்தாலோ, மின்துடிப்பு கீழறைக்குப் போகும் வழி தடைப்பட்டாலோ நாடி 40-க்கும் கீழே இறங்கலாம். தலை சுற்றும், ஆள் மயங்கி விழலாம்.

எப்படி உதவுகிறது? காறை எலும்புக்குக் கீழே, தோலடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து சிரை வழியே இதயத்துக்குள் போகும் கம்பி முதலில் கேட்கத்தான் செய்கிறது. இதயம் எழுப்பும் சில மில்லிவோல்ட் சைகையைக் கருவி கவனிக்கிறது. நிமிடத்துக்கு 60 என்று அமைத்திருந்தால் ஒரு நொடி காத்திருக்கும். துடிப்பு வந்தால் சும்மா இருக்கும். வராவிட்டால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் நீடிக்கும் மின்னதிர்வைத் தரும். ஸ்டேஷன் படியேறினால், பல கருவிகளில் உடலசைவை அறியும் உணரி வேகத்தையும் கூட்டிவிடும்.

ஆக, ஒரு துடிப்பு நம்முடையது, அடுத்தது சிப்பினுடையது. பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது! ஆனாலும் ரத்தத்தைத் தள்ளுவது தசைதான். எஜமான் இன்னும் இதயமே என்பது என் கட்சி.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் செல்போனை அதிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வையுங்கள். வீட்டாருக்கு ஒன்று: தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும்.